ஒளிரும் பூச்சால் உயர் வெப்பநிலையை அளத்தல்: கேள்வி பதில்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு பொறியியல் மாணவி: களனிதிஸ்ஸ மின்நிலையத்தில் உள்ளதைப் போன்ற எரிவாயுச் சுழலிகளின் (டர்பைன்) வெப்பநிலையை அளக்க, இரு வேறு உலோகக் கம்பிகளை முனையில் இணைத்த வெப்பவிணையையே பொருத்தலாமே, ஒளிரும் பூச்சு எதற்கு?

வெப்பவிணை தன் முனையின் வெப்பநிலையை மட்டுமே அறியும். சுழலியின் சுழலும் தகட்டில் அதைப் பதித்துக் கம்பியை வெளியே எடுப்பது கடினம் என்பதோடு, அக்கம்பியே வெப்பத்தைக் கடத்தி, அளக்க வந்த இடத்தின் நிலையை மாற்றிவிடுகிறது. சூடான பொருள் வெளிவிடும் ஒளியைக் கொண்டு தொலைவிலிருந்து அளக்கும் கதிர்ப்பு வெப்பமானியோ, சுவாலையின் ஒளி மேற்பரப்பில் தெறித்தாலே பிழைபடும்.

கொட்டாஞ்சேனை வாசகர்: பூச்சு எவ்வாறு வெப்பநிலையைச் சொல்கிறது?

யூரோப்பியம் என்னும் அருமண் மூலகத்தைச் சிறிதளவு சேர்த்த இற்றியம் ஒட்சைட்டு என்னும் ஒளிர்பொருளை எடுத்துக்கொள்வோம். அதன் தூளைப் பிணைப்பானில் கலந்து உலோகத்தின்மேல் மெல்லியதாக விசிறி, புறஊதா லேசர்த் துடிப்பொன்றைப் பாய்ச்சினால், அது 611 நனோமீற்றரில் செந்நிறமாக ஒளிரும். லேசர் நின்ற பின்னரும் அவ்வொளி சட்டென அணையாமல் படிப்படியாகத் தேயும். அறை வெப்பநிலையில் இத்தேய்வுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கன் பிடிக்கும். சூடு 600 பாகை செல்சியசைத் தாண்டியதும், யூரோப்பியம் தன் சக்தியை ஒளியாக அன்றி அதிர்வாக இழக்கத் தொடங்குவதால் தேய்வு விரைவுபட்டு, 1,000 பாகையை அண்மிக்கையில் மைக்ரோசெக்கன்களாகச் சுருங்கிவிடும். நாம் அளப்பது ஒளியின் பிரகாசத்தை அன்று, அது மறையும் நேரத்தை. ஆகவே பார்வைச் சாளரத்தில் புகைக்கரி படிந்தாலும், பூச்சின் ஒரு பகுதி உதிர்ந்தாலும் பெறுமானம் பெரிதும் மாறாது. இம்முறையின் உயிர்நாடி இதுவே என்பது என் உறுதியான கருத்து.

தெமட்டகொடை வார்ப்புப் பட்டறையிலிருந்து: 1,200 பாகையில் உலோகமே தணலாய்த் தகிக்குமே, பூச்சின் ஒளி தெரியுமா?

சிவப்பில் தெரிவது அரிது. வெப்பக் கதிர்ப்பு நீலத்தில் மிகக் குறைவு என்பதால், அங்கே டிஸ்புரோசியம் என்னும் மற்றோர் அருமண் மூலகம் சேர்த்த இற்றியம் அலுமினியம் காணெற்று என்னும் ஒளிர்பொருளைப் பயன்படுத்துகின்றனர். 455, 497 நனோமீற்றர் அளவிலுள்ள இரு ஒளிப்பட்டைகளின் பிரகாச விகிதத்தையும் வெப்பநிலையாக மாற்றலாம்.

மருதானை வாசகர்: பெறுமானத்தை எவ்வளவு நம்பலாம்?

அளவுதிருத்தம், அதாவது எந்தத் தேய்வு நேரம் எந்த வெப்பநிலைக்குரியது என முன்கூட்டியே அளந்துகொள்வது, எவ்வளவு நேர்மையாகச் செய்யப்பட்டதோ அவ்வளவு. அதே தொகுதித் தூளை, அதே பிணைப்பானுடன், சீரான சூளையில், நம்பகமான வெப்பவிணைக்கு அருகே வைத்துத் தேய்வு நேரத்தைப் பதிய வேண்டும். சூளையில் நிரம்பும் வாயுவையும் கவனியுங்கள்: இற்றியம் ஒட்சைட்டின் தேய்வு நேரம் ஒட்சிசனின் அளவாலும் மாறுவதால், திறந்த காற்றில் பெற்ற வளைகோடு எரிதல் அறைக்கு அப்படியே பொருந்தாது. லேசரின் சக்தியை அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அதுவே பூச்சைச் சூடாக்கும். பூச்சு தடித்தால் அதன் மேற்புறம் சூடான வாயுவின் பக்கமும் அடிப்புறம் குளிர்ந்த உலோகத்தின் பக்கமும் இழுபட்டு, இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணையே தரும். ஆதலால் சில பத்து மைக்ரோமீற்றருக்கு மேல் விசிறாதீர்கள்.