தோற்கிற அணிக்கு விளம்பரம் உதவுமா?

கேள்வி: அமெரிக்காவின் சியாட்டில் மரைனர்ஸ் பேஸ்பால் அணி, உள்ளூர் டிவிக்காக வீரர்களையே நடிக்க வைத்து பல வருஷமாக விளம்பரம் எடுக்கிறதாமே? சொந்த ஊரில் அவர்களைத் தெரியாதவர் யார்? எதற்கு இந்தச் செலவு?

பதில்: எல்லோருக்கும் தெரியும்தான், ஆனால் தெரிந்தவர்கள் எல்லாம் மைதானத்துக்கு வந்துவிடுவதில்லையே. சீசனுக்கு 162 ஆட்டம், அதில் 81 சொந்த மைதானத்தில். ஏப்ரல் குளிரில், வேலைநாள் ராத்திரியில் நடக்கும் ஆட்டத்துக்கும் டிக்கெட் விற்றாக வேண்டும். அன்று காலியாகக் கிடந்த இருக்கையை மறுநாள் விற்க முடியாது.

வெற்றி தருவோம் என்று எந்த அணியாலும் வாக்குக் கொடுக்க முடியாது. அதனால் மரைனர்ஸ் ஆட்களைக் காட்டினார்கள், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 2011 விளம்பரம் ஒன்றைப் பாருங்கள். ஃபீலிக்ஸ் ஹெர்னாண்டஸ் அப்போது அவர்களுடைய நட்சத்திரப் பந்துவீச்சாளர். முதலில் இறங்கி வீசுகிற பந்துவீச்சாளருக்கு வழக்கமாக ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் வாய்ப்பு, அது போதாமல் அவர் மாறுவேஷம் போட்டு, 'லாரி பெர்னாண்டஸ்' என்ற பெயரில் வீச வந்து நிற்கிறார். பேஸ்பால் விதி ஒன்றும் தெரியாதவருக்குக்கூட இந்த மனுஷனுக்கு ஆட்டத்தின் மேல் எவ்வளவு ஆசை என்று புரிந்துவிடும்.

இதற்கு முன்னோடி என்று நான் நினைப்பது 1994-ல் தொடங்கிய ஒரு ராத்திரி நிகழ்ச்சி. அணியின் மொட்டைத் தலை வீரர் ஜே பியூனருக்காக, மொட்டை அடித்து வந்தால் அனுமதி இலவசம் என்றார்கள். முடி வெட்ட ஆளும் மைதானத்திலேயே தயார். பெண்களும் வந்து மொட்டை போட்டுக்கொண்டார்கள்!

கேள்வி: அப்படியானால் அணி தோற்றாலும் விளம்பரம் காப்பாற்றிவிடுமா?

பதில்: இல்லை. 2001-ல் 116 ஆட்டம் ஜெயித்த அணி, அதன்பின் 2022 வரை பிளேஆஃப், அதாவது சீசன் முடிவில் முன்னணி அணிகள் மோதும் சுற்று, பக்கமே போகவில்லை. 2002-ல் 35 லட்சத்தைத் தாண்டிய பார்வையாளர் எண்ணிக்கை 2012-ல் சுமார் 17 லட்சத்துக்கு இறங்கிவிட்டது, இத்தனைக்கும் விளம்பரங்கள் அப்போதும் அருமையாகத்தான் இருந்தன. ஆனாலும் அந்த நாட்களில் ஃபீலிக்ஸ் வீசினால் மட்டும் மைதானத்தில் ஒரு பகுதி முழுக்க மஞ்சள் டி-ஷர்ட் கூட்டம், மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை அவுட்டாக்கும் ஒவ்வொரு ஸ்ட்ரைக்அவுட்டுக்கும், ஸ்கோர் புத்தகத்தில் அதன் குறியான 'கே' எழுத்து அட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றது. 'கிங்ஸ் கோர்ட்' என்று அந்தப் பகுதிக்குத் தனி டிக்கெட் விற்றார்கள், டி-ஷர்ட்டும் அதிலேயே சேர்த்தி.