கழுத்துக்கு 12 சிட்டிங்: மொத்தமாகப் பணம் கட்டலாமா?

கேள்வி: நாள் முழுக்க கணினி முன்னால் வேலை. இரண்டு மாதமாகக் கழுத்து இறுகி, பைக் ஓட்டும்போது வலப்பக்கம் திரும்பிப் பார்க்க முடியவில்லை. ஓர் ஆஸ்டியோபதி (கையாலேயே தசையை அழுத்தி, மூட்டை அசைத்துத் தரும் சிகிச்சை) மையத்தில் முதல் நாளே நன்றாகத் திரும்பியது. 12 சிட்டிங்குக்கு 18,000 ரூபாயை முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஒவ்வொரு முறையும் போய்வந்த பிறகு பணம் கொடுங்கள்.

முதல் நாள் கழுத்து திரும்பியது உண்மைதான். இறுகிய தசையைத் தளர்த்தி மூட்டை அசைத்தால் வலி குறையும், வலி குறைந்தால் கழுத்து கூடுதலாகத் திரும்பும். ஆனால் பலருக்கு இந்தத் தளர்வு சில நாள்தான் நிற்கிறது. கூடவே தினமும் கழுத்துப் பயிற்சி செய்கிறவர்களுக்குத்தான் பலன் நீடிக்கிறது. பயிற்சி எதுவும் சொல்லித்தராமல் படுக்க வைத்துச் சொடக்கு எடுத்து அனுப்பும் இடம் என்றால், யோசியுங்கள்.

பலனை நீங்களே அளக்கலாம். தினமும் ஒரே நாற்காலியில், தோளைச் சுவரோடு ஒட்டி உட்காருங்கள். தலையை மட்டும் வலப்பக்கம் திருப்பி, எதுவரை கண்ணுக்குத் தெரிகிறது என்று பாருங்கள். ஜன்னல் கம்பியா, காலண்டரா, கதவுப் பிடியா? காலண்டரிலேயே குறித்து வையுங்கள். மூன்று சிட்டிங் முடிந்தும் பழைய இடத்திலேயே நின்றால் நிறுத்திவிடலாம்.

கை மரத்துப்போவது, பிடி தளர்வது, நடை தள்ளாடுவது, காய்ச்சல், விழுந்து அடிபட்டது, இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். கழுத்தைச் சடாரென்று திருப்புவதில் மிக அரிதாக ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததும் உண்டு. அப்படித் திருப்ப வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, தயங்காதீர்கள்.

அப்புறம், செய்பவரின் படிப்பு. பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்றவர் மட்டுமே ஆஸ்டியோபதி நிபுணர் என்று சொல்லிக்கொள்ளலாம். இங்கே பலகையை மட்டும் நம்ப முடியாது. பிசியோதெரபி பட்டம் உண்டா, எங்கே, எத்தனை வருடம் படித்தார் என்று நேராகவே கேளுங்கள்.

ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் ரசீது வாங்கிவிடுங்கள். பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். மீதி சிட்டிங்குக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டு வாட்ஸ்அப்பிலாவது எழுதிப் போடுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.