டொல்பின் வானுக்கு வேறு வருட வானின் பின்பக்க எக்ஸல் சரிவருமா?

கேள்வி: எங்களுடையது 1991 டொயோட்டா டொல்பின் வான். ஐம்பதைத் தாண்டினால் பின்பக்கம் ஊளையிடுகிறது. பஞ்சிகாவத்தைப் பழைய உதிரிப்பாகக் கடையொன்றில் 1997 வானில் கழற்றிய பின்பக்க எக்ஸல் பிரேக் டிரம்மோடு முழுசாகக் கிடக்கிறது. "எல்லாம் ஒரே டொல்பின்தான், அப்படியே ஏறும்" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– தெஹிவளை வாசகர்

பதில்: வருடத்தை விடுங்கள், ரேஷியோவைக் கேளுங்கள்; அதாவது சில்லு ஒரு சுற்று சுற்ற, கியர்பொக்ஸிலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற விகிதம். அதற்கும் முன், எக்ஸல்தான் தேவையா என்று பாருங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒரு சத்தம், காலை எடுத்ததும் வேறு சத்தம் என்றால் டிஃப், அதாவது எக்ஸலின் நடுவிலுள்ள கியர் தொகுதி. கால் எடுத்தாலும் மாறாமல் வேகத்தோடு மட்டும் கூடிக் குறையும் இரைச்சல் என்றால் சில்லு பெயாரிங்கைச் சந்தேகியுங்கள். டிஃப்தான் என்றாலும், அதிலுள்ள கிரவுன்-பினியன் பல்சக்கரத் தொகுதி முன்பக்கமாகத் தனியே கழன்று வரும் எக்ஸலாக இருந்தால், அதை மட்டும் மாற்றுவதே எங்கள் யோசனை. ரேஷியோவும், சில்லுக்குப் போகும் அரை அச்சின் நுனிப் பற்களும் ஒத்திருக்க வேண்டும்; பிரேக், ஹேண்ட் பிரேக் கேபிள் எல்லாம் உங்களுடையதே இருக்கும்.

முழு எக்ஸல்தான் என்றால் கடையிலேயே ரேஷியோவை எண்ணுங்கள். தண்டு வந்து பூட்டும் தட்டான பினியன் பிளேஞ்சில் சோக்கால் ஒரு கோடு. ஒருவர் ஒரு பக்க டிரம்மை அசையாமல் பிடிக்க, மற்றதை 20 சுற்று சுற்றுங்கள். ஒரு பக்கம் நிற்பதால் இந்த 20 சுற்று, இரு பக்கமும் சேர்ந்து 10 சுற்றியதற்குச் சமம்; ஆகவே பிளேஞ்ச் 43 சுற்றினால் 4.300, 41 என்றால் 4.100. உங்கள் எக்ஸலையும் இப்படியே எண்ணி ஒப்பிடுங்கள். 4.300 இருந்த இடத்தில் 4.100 போட்டால் மீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 63இல் போவீர்கள், ஏற்றத்தில் இழுவை குறையும். ஃபோர் வீல் வான் என்றால் முன் டிஃப்பும் பின் டிஃப்பும் ஒரே ரேஷியோவாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன், பின் சில்லுகளுக்கு இழுவையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தேய்ந்துபோகும்.

டேப் எடுத்துப் போங்கள். ஸ்பிரிங் இருக்கைகளின் நடு-நடு தூரம், டிரம் முதல் டிரம் வரை அகலம், சில்லு நட் எண்ணிக்கை, பிளேஞ்ச் துளைகளின் இடைவெளி எல்லாம் பாருங்கள். பிளேஞ்சை மேலும் கீழும் ஆட்டும்போது அசைந்தால் பினியன் பெயாரிங் போய்விட்டது. சுற்றும் திசையில் முன்னும் பின்னும் சற்றே திருப்பும்போது சிறு 'டிக்' சாதாரணம். ட்ரெயின் பிளக்கைத் திறக்கச் சொல்லுங்கள்: காந்தத்தில் சாம்பல் பசை இருக்கலாம், துணுக்கு இருக்கக்கூடாது. பால் நிறத்தில் ஒயில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, விட்டுவிடுங்கள்.

பலர் மறக்கும் சாமான் ஒன்று: பாரத்துக்கேற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வின் கம்பி எக்ஸலில்தான் பிடித்திருக்கும். அந்த பிராக்கட் வேறுபட்டு, கம்பியைக் கட்டி வைத்தால், மழையில் வெறும் வானை அழுத்தி நிறுத்தும்போது பின் சில்லு பூட்டிக்கொண்டு வழுக்கும். இதில் சமரசம் வேண்டாம்.

பூட்டும்போது, எக்ஸலை ஸ்பிரிங்கோடு பிடிக்கும் யூ போல்ட்டும் ஒயில் சீலும் புதிதாக இருக்கட்டும். யூ போல்ட்டின் கடைசி முறுக்கு வான் தரையில் நிற்கும்போது. சில நாள் ஓடியபின் மறுபடி முறுக்குங்கள். ஜிஎல்-5 கியர் ஒயிலை நிரப்பும் துளையின் விளிம்பு வரை விடுங்கள். எக்ஸலின் காற்றுத் துளையான பிரீதர் அடைபட்டிருந்தால் ஒயில் சீலைத் தாண்டி பிரேக் சப்பாத்தில் இறங்கும், கழற்றிக் கழுவுங்கள்.

பற்றுச்சீட்டில் ரேஷியோவையும், "பொருந்தாவிட்டால் திருப்பி எடுக்கப்படும்" என்பதையும் நாட்களோடு எழுதி வாங்குங்கள். பிறகு மறுத்தால், வாங்கிய 3 மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977.