'டஃபன்' என்ற ஆங்கில வினைச்சொல்: கேள்வி பதில்

கேள்வி: 'டஃபன்' என்றால் என்ன?

'டஃப்' (உறுதியான) என்ற பெயரடையோடு 'என்' விகுதி சேர்ந்து பிறந்த வினை. உறுதியாவதும் உறுதியாக்குவதும் அதன் பொருள். தமிழில் இறுகு, இறுக்கு என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் தனித்தனி வடிவம் வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் ஒரே வடிவம் இரண்டுக்கும் போதும். 'டிரெயினிங் டஃபன்ட் ஹிம்' என்றால் பயிற்சி அவனை உரமேற்றியது. 'ஹிஸ் ஸ்கின் டஃபன்ட்' என்றால் அவன் தோல் உரமேறியது. ஆகவே 'பிகேம் டஃபன்' என்று எழுதாதீர்கள். 'ஆனது' என்ற பொருள் வினைக்குள்ளேயே அடங்கிவிட்டது.

கேள்வி: 'ஸ்ட்ராங்' என்பதிலிருந்து 'ஸ்ட்ராங்கன்' ஏன் வருவதில்லை?

அருமையான கேள்வி. 'என்' விகுதி கண்ட பெயரடையோடெல்லாம் ஒட்டாது. பெரும்பாலும் ஓரசைச் சொல்லாக இருக்க வேண்டும். அதுவும் ட், க், ஃப் போன்ற ஒலியில் முடிய வேண்டும். ஹார்டன், வீக்கன், டார்க்கன் எல்லாம் அப்படி வந்தவை. 'டஃப்' எழுத்தில் ஜி, எச் என்று முடிந்தாலும் காதில் விழுவது 'ஃப்' ஒலி, அதனால் ஒட்டுகிறது. 'தின்' (மெல்லிய), 'ஸ்லோ' (மெதுவான) ஆகியவற்றோடு ஒட்டாது. அவை மாறாமல் அப்படியே வினையாகின்றன. 'ஸ்ட்ராங்', 'லாங்' இரண்டும் மூக்கொலியில் முடிபவை. எனவே 'ஸ்ட்ரெங்த்', 'லெங்த்' என்ற பெயர்ச்சொற்களிலிருந்து 'ஸ்ட்ரெங்தன்', 'லெங்தன்' பிறந்தன. விலக்கும் உண்டு: 'வெட்' (ஈரமான) என்பது 'ட்' ஒலியில் முடிந்தும் 'என்' ஏற்பதில்லை.

கேள்வி: ஆங்கிலம் சரளமாகப் பேச வழி சொல்லுங்கள்.

அது தனிப் பாடம். இங்கே இந்த ஒரு வினை மட்டும்.

கேள்வி: 'ஹார்டன்', 'டஃபன்' இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. கீறலுக்கும் அழுத்தத்துக்கும் இடம் கொடுக்காதது 'ஹார்ட்'. அடி வாங்கியும் உடையாதது 'டஃப்'.

கேள்வி: உலோகத் துறையில் இருக்கிறேன். கடினமான எஃகுதான் தேயாமல் உழைக்கும். 'ஹார்டன்' என்பதைத் தாழ்த்துகிறீர்களே?

தாழ்த்தவில்லை. அரத்துக்குக் கடினம்தான் உயிர். ஆனால் அதே அரத்தை வளைத்துப் பாருங்கள், சட்டென்று முறியும். பழுக்கக் காய்ச்சிய எஃகை நீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்தினால் கடினமாகும். கூடவே நொறுங்கும் தன்மையும் வரும். அதனால்தான் குறைந்த வெப்பத்தில் மறுபடி சூடேற்றுகிறீர்கள். கடினத்தில் கொஞ்சம் போய், அடி தாங்கும் திறன் திரும்புகிறது. மொழியிலும் இதே வேறுபாடு உண்டு. மனம் 'ஹார்டன்' ஆனால் இரக்கம் வற்றிவிட்டது என்று பொருள். ஒருவர் 'டஃபன்' ஆனால் அவருக்கு வலி தெரியும், ஆனால் நிலைகுலைய மாட்டார். ஊறிப்போன குற்றவாளியை 'ஹார்டன்ட் கிரிமினல்' என்பார்கள். அங்கே 'டஃபன்ட்' பொருந்தாது.

கேள்வி: 'டஃபன்ட் கிளாஸ்', 'டெம்பர்ட் கிளாஸ்' வேறு வேறா?

ஒன்றுதான். முன்னது பிரிட்டிஷ் வழக்கு, பின்னது அமெரிக்க வழக்கு. கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிக் காற்றால் வேகமாகக் குளிர்விப்பார்கள். உடைந்தால் சிறு சிறு மழுங்கிய துண்டுகளாக உதிரும். அளவு வெட்டுவது, துளையிடுவது எல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

கேள்வி: துக்கத்தில் இருக்கும் நண்பரிடம் 'டஃபன் அப்' என்று சொல்லலாமா?

சொல்லாதீர்கள். 'அப்' சேர்ந்து ஏவலாக வரும்போது 'இதற்குப் போய் அழுகிறாயா' என்ற தொனி ஏறிவிடும். விளையாட்டுப் பயிற்சியாளர் சொல்லலாம். துக்கம் கேட்கப் போனவர் சொல்லக் கூடாது.

கேள்வி: சட்டத்துக்கு இந்த வினை பொருந்துமா?

தாராளமாக. சட்டம், தண்டனை, நிலைப்பாடு என எல்லாவற்றையும் கடுமையாக்குவதற்கு வரும்.

கேள்வி: 'ஹீ பிகேம் டஃபன்' சரியா?

முதல் பதிலிலேயே இருக்கிறது, படித்துவிட்டுக் கேளுங்கள். 'பிகேம் டஃப்' சரி. 'டஃபன்ட்' சரி. 'பிகேம் டஃபன்' தவறு.