45 ஆயிரமா, 35 ஆயிரமா? மாதக் கடைசியில் மிஞ்சுவது எது?

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 36. கடலூர் செம்மண்டலத்தில் அப்பா கட்டிய வீட்டில் குடியிருக்கிறோம். சிப்காட் பகுதியில் ஒரு மருந்து மூலப்பொருள் நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 9 ஆண்டு 2 மாதம் வேலை பார்த்தேன். கடைசியாக வாங்கிய சம்பளம் 34,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 16,000. எங்கள் பிரிவையே மூடிவிட்டதால் 8 மாதமாக வீட்டில் இருக்கிறேன். இப்போது ஒரே வாரத்தில் இரண்டு வேலைகள் வந்திருக்கின்றன. ஒன்று, புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு மருந்து நிறுவனத்தில் நிரந்தர வேலை. சி.டி.சி. ஆண்டுக்கு 4,20,000 ரூபாய். இன்னொன்று, சென்னைக்குத் தெற்கே ஆலத்தூரில். ஏஜென்சி மூலம் 11 மாத ஒப்பந்தம், மாதம் 45,000 ரூபாய்.

மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 11,000. மகள் 3-ஆம் வகுப்பு படிக்கிறாள். அம்மாவுக்குச் சர்க்கரை நோய், ஜிப்மரில் பார்க்கிறோம். வீட்டுச் செலவு மாதம் 22,000 ஆகிறது. நகைக்கடன் 1,80,000, கிரெடிட் கார்டு பாக்கி 62,000, மைத்துனரிடம் கைமாற்று 40,000. பி.எஃப். கணக்கில் 4,30,000 ரூபாய் இருக்கிறது. அதை எடுத்துக் கடனை அடைத்துவிட்டு ஆலத்தூர் போய்விடு என்கிறார் மைத்துனர். வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்துக்கும் கீழே இறங்கிப் போவதற்கு எனக்கும் மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர்

பதில்:

சேதராப்பட்டுக்குப் போங்கள். பி.எஃப். பணத்தில் கை வைக்க வேண்டாம். ஏன் என்பதற்கு உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களே போதும்.

முதலில் சி.டி.சி. என்ற எண்ணைப் பிரித்துப் பார்ப்போம். நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவுதான் அது. உங்கள் கைக்கு வரும் சம்பளம் வேறு. 4,20,000 என்றால் மாதக் கணக்கில் 35,000. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொண்டால், நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு 1,800, பணிக்கொடைக்கான (கிராஜுவிட்டி) ஒதுக்கீடு சுமார் 720, ஆண்டுக்கு ஒரு முறை தரும் ஊக்கத்தொகை மாதக் கணக்கில் 2,000, குழுக் காப்பீட்டு பிரீமியம் 500-க்குச் சற்றுக் குறைவு என்று ஏறக்குறைய 5,000 ரூபாய் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். மீதி 30,000. அதிலிருந்து உங்கள் பி.எஃப். பங்கு 1,800 போனால் கையில் வருவது 28,200. ஆஃபர் லெட்டரின் பின்னிணைப்பில் இந்தப் பிரிப்பு அட்டவணையாக இருக்கும். என் கணக்குக்கும் அதற்கும் சில நூறு ரூபாய் முன்பின் இருக்கலாம். அதற்கு மேல் இடித்தால் மனிதவளப் பிரிவைக் கேளுங்கள். கேட்பதால் யாரும் வேலையைப் பறித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஏஜென்சி சொல்லும் 45,000-மும் பெரும்பாலும் இதே ஜாதிதான். இரண்டு பி.எஃப். பங்குகளையும் அதிலிருந்தே கழித்தால் 41,400. சேதராப்பட்டைவிட 13,200 ரூபாய் அதிகம். மைத்துனர் பார்ப்பது இந்த எண்ணைத்தான். அவர் பார்த்தது வரை தப்பில்லை.

ஆலத்தூரில் ஆள் மட்டும் போய்த் தங்குவதாகவே வைத்துக்கொள்வோம். பகிர்ந்துகொள்ளும் அறைக்கு 5,500, மெஸ் சாப்பாட்டுக்கு 6,000, மாதம் இரண்டு முறை கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே ஊர் வந்து போக 1,200, உள்ளூர் பஸ், சலவை, டீ, தலைவலி மாத்திரை என்று ஒரு 2,300. ஆக 15,000. மிஞ்சுவது 26,400. சேதராப்பட்டு என்றால் செம்மண்டலத்திலிருந்து போக வர 70 கிலோமீட்டருக்கு மேல் வரும். பைக்கில் போனால் பெட்ரோலும் பராமரிப்புமாக மாதம் 4,000. மிஞ்சுவது 24,200.

இரண்டுக்கும் வித்தியாசம் 2,200 ரூபாய். ஆண்டு முடிவில் சேதராப்பட்டு தரும் ஊக்கத்தொகையைச் சேர்த்தால் அதுவும் கிட்டத்தட்டச் சரியாகிவிடும். குடும்பத்தோடு போய்விடலாம் என்று நினைத்தால் கணக்கு இன்னும் மோசம். மனைவியின் 11,000 போகும். வாடகை, முன்பணம், நடுவில் மாற்றிய பள்ளிக்குக் கட்டணம் எல்லாம் சேரும். அந்தப் பேச்சையே விட்டுவிடலாம்.

வருமான வரியும் இதில் குறுக்கே வராது. புதிய வரிமுறையில் 2025-26 நிதியாண்டிலிருந்து ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை வரி இல்லை. இரண்டு சம்பளமும் அதற்குப் பாதியைக்கூட எட்டவில்லை. சேதராப்பட்டு யூனியன் பிரதேசத்தில் இருப்பதாலும் சிக்கல் எதுவும் இல்லை. பி.எஃப். மத்திய அரசின் அமைப்பு. உங்கள் பி.எஃப். கணக்குக்கான பழைய யு.ஏ.என். எண்ணே அங்கேயும் செல்லும். வீடு கடலூரிலேயே இருப்பதால் ரேஷன் கார்டையும் மாற்ற வேண்டியதில்லை. பெட்ரோலை மட்டும் புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டிப் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே வரி குறைவு என்பது கடலூர்க்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்போது உங்கள் கிரெடிட் கார்டைப் பாருங்கள். பாக்கி 62,000. கார்டு நிறுவனங்கள் மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி வட்டி போடுகின்றன. உங்களுடையதும் அப்படி என்றால் வட்டி மட்டும் 2,170. அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்தால் மாதம் 2,560 ரூபாய் போகிறது. ‘குறைந்தபட்சத் தொகை’யைக் கட்டிக்கொண்டே இருந்தால் அசல் அசையாது. இரண்டு வேலைகளுக்கும் இடையில் நீங்கள் தூக்கத்தைத் தொலைத்துக்கொண்டிருக்கும் 2,200 ரூபாயைவிட அதிகமாக, மாதாமாதம் ஒரு பிளாஸ்டிக் அட்டை வாங்கிக்கொண்டு போகிறது. எந்த வேலைக்குப் போனாலும் இதை முதலில் நிறுத்த வேண்டும்.

எதைக் கொண்டு நிறுத்துவது? உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பணிக்கொடையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. வாங்கிவிட்டீர்களா? வாங்கியிருந்தால் இவ்வளவு விவரம் எழுதியவர் அதையும் எழுதியிருப்பீர்கள். 5 ஆண்டுக்கு மேல் வேலை பார்த்த உங்களுக்கு அது சட்டப்படி வர வேண்டிய பணம். கடைசி அடிப்படைச் சம்பளத்தோடு பஞ்சப்படி இருந்தால் அதையும் சேர்த்து, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, முடித்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். உங்களுக்கு 16,000 × 15 ÷ 26 × 9. அதாவது 83,000 ரூபாய்க்குச் சற்று மேல். நிறுவனம் அனுப்பியிருந்தாலும் சரி, நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்திருந்தாலும் சரி, இது உண்டு. தாமதமாக விண்ணப்பித்தார் என்ற ஒரே காரணத்தைக் காட்டி மறுக்க முடியாது. முன்னாள் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுங்கள்; ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் தொழிலாளர் துறையில் பணிக்கொடைக்கென்று உள்ள அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். தாமதத்துக்கு வட்டியும் கேட்கலாம்.

இதோடு இன்னொன்று. பிரிவை மூடி ஆட்குறைப்பு செய்தால், தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவருக்கு முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். மேற்பார்வையாளர் என்றால் வராமல் போகலாம். ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கியிருந்தாலும் வழக்கு பலவீனமாகிவிடும்; பல இடங்களில் கையெழுத்து வாங்குவதே அதற்காகத்தான். வேலை நீக்க உத்தரவை எடுத்துக்கொண்டு தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். கிடைத்தால் லாபம். ஆனால் அதை நம்பி எந்தக் கடனையும் தள்ளிப்போட வேண்டாம்.

பணிக்கொடை வரும்வரை கார்டுக்கு வட்டி கட்டிக்கொண்டு காத்திருக்கவும் வேண்டாம். தங்கம் விலை ஏறியிருப்பதால், ஏற்கெனவே அடகில் இருக்கும் நகையின் மேலேயே கூடுதல் தொகை கிடைக்க வாய்ப்பு உண்டு. வங்கியில் நகையை மறுமதிப்பீடு செய்யச் சொல்லுங்கள். 62,000 ரூபாய்க்கு 9.5 சதவீத வட்டி என்றால் மாதம் 490-தான். 2,560 எங்கே, 490 எங்கே! கார்டை முழுமையாகக் கட்டி முடித்து, பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்குங்கள். ‘செட்டில்மென்ட்’ என்று போன் வரும், பாதி கட்டினால் போதும் என்பார்கள். ஒப்புக்கொண்டால் அது உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் பதிந்து, நாளைக்கு வீட்டுக்கடனோ கல்விக்கடனோ கேட்கும்போது முன்னால் வந்து நிற்கும்.

பி.எஃப். பணத்துக்கு வருகிறேன். அந்த 4,30,000 ரூபாய் இப்போது 8.25 சதவீத வட்டியில் இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 35,000. வேலையை விட்டுவிட்டதால் வட்டி நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் வயதில் அப்படி நிற்காது. 9.5 சதவீத நகைக்கடனை அடைக்க 8.25 சதவீதம் சம்பாதிக்கும் பணத்தை எடுத்தால், மிச்சம் ஒன்றேகால் சதவீதம். அதற்காக, இதே வட்டி நீடித்தால் 58 வயதில் 24 லட்சத்தைத் தாண்டக்கூடிய பணத்தை உடைப்பதா?

அதைவிட முக்கியம், ஓய்வூதியம். பி.எஃப்-போடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் 10 ஆண்டு சேவை முடித்தால்தான் மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி. உங்களுக்கு 9 ஆண்டு 2 மாதம் ஆகிவிட்டது. கரை கண்ணுக்குத் தெரிகிறது. இந்த நேரத்தில் ‘எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன்’ என்று ஓய்வூதியப் பகுதிக்கும் சேர்த்து விண்ணப்பித்தால் இத்தனை ஆண்டுச் சேவையும் அழிந்து மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். புதிய வேலையில் சேர்ந்ததும் பழைய கணக்கை இதற்கு மாற்றச் சொல்லுங்கள்; சேவைக் காலம் தொடரும்.

11 மாத ஒப்பந்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோசம் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்ல மாட்டேன். 26 வயதில், கல்யாணத்துக்கு முன்பு நீங்கள் கேட்டிருந்தால் ஆலத்தூருக்கே போகச் சொல்லியிருப்பேன். அங்கே மருந்து நிறுவனங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றில் கால் வைத்தால் இன்னொன்றின் கதவைத் தட்டலாம். ஆனால் உங்களிடம் இப்போது கையிருப்பு இல்லை. ஒப்பந்தம் முடிந்து அடுத்ததற்கு இரண்டு மாதம் இடைவெளி விழுந்தாலும் 52,800 ரூபாய் போய்விடும். மாதம் 2,200 வீதம் கூடுதலாகச் சேர்த்தாலும் அந்தப் பள்ளத்தை நிரப்ப இரண்டு ஆண்டு ஆகும். ஏஜென்சி சம்பளத்தை இழுத்தடித்தால் முதன்மை நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சொல்கிறதே தவிர, அலைவது நீங்கள்தான். பதிவுக் கட்டணம், டெபாசிட் என்று ஏஜென்சி ஏதாவது கேட்டிருந்தாலோ, அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னாலோ, இந்தக் கணக்கெல்லாம் தேவையே இல்லை. பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

சேதராப்பட்டு வேலையும் சொர்க்கம் அல்ல. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நேரடி ரயில் பாதை கிடையாது. பஸ்ஸில் போனால் புதுச்சேரி நிலையத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். நாளைக்கு மூன்று மணி நேரமாவது சாலையில் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் நெரிசலில் பைக் ஓட்டுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எனவே சேருவதற்கு முன்பே நிறுவனப் பேருந்து எதுவரை வருகிறது என்று கேளுங்கள். புதுச்சேரி பஸ் நிலையம் வரை வந்தாலே பாதிப் பாரம் குறையும். தகுதிகாண் காலம் எத்தனை மாதம், அந்தக் காலத்தில் எத்தனை நாள் நோட்டீஸ், ஊக்கத்தொகை உறுதியா அல்லது லாபத்தைப் பொறுத்தா என்பவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க முடியுமா என்பது தனிக் கேள்வி. முடியும் என்றால், கூடுதல் பிரீமியம் கட்டியாவது அம்மாவைச் சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ள பெரியவருக்குத் தனிக் காப்பீடு எடுக்கப் போனால் பிரீமியம் கையைக் கடிக்கும். ஜிப்மர் இருக்கும் கோரிமேடும் சேதராப்பட்டுக்குத் தூரமில்லை.

இனி மாதக் கணக்கு. உங்கள் 28,200, மனைவியின் 11,000. போக்குவரத்து 4,000, வீட்டுச் செலவு 22,000, இப்போதுள்ள நகைக்கடன் வட்டி 1,425 போக, சுமார் 11,700 கையில் நிற்கும். பணிக்கொடை வந்ததும் கார்டுக்காக வாங்கிய கூடுதல் நகைக்கடனை அடைத்துவிட்டால், மீதி இருப்பது நகைக்கடன் 1,80,000-மும் கைமாற்று 40,000-மும்தான். இந்த 11,700 ரூபாயை அப்படியே செலுத்தினால் ஒன்றரை ஆண்டுக்குச் சற்று மேலே போய் இரண்டும் தீரும். மைத்துனர் வட்டி கேட்கவில்லை என்பதற்காக அவரைக் கடைசியில் தள்ள வேண்டாம். மாதம் 2,000-மாவது கொடுத்து வாருங்கள்.

கடன் தீரும்வரை சேமிப்பே வேண்டாம் என்றும் இருந்துவிடாதீர்கள். பணிக்கொடையில் மிஞ்சும் 20,000 சொச்சத்தைத் தனிக் கணக்கில் போட்டுத் தொடாமல் வையுங்கள். 2011-இல் ‘தானே’ புயல், 2015-இல் வெள்ளம், 2024-இல் ‘ஃபெஞ்சல்’ புயல் என்று பார்த்த ஊர் உங்களுடையது. ஓடு பறந்தாலும் பைக் தண்ணீரில் மூழ்கினாலும் மறுபடி கார்டைத் தேய்க்காமல் இருக்க அந்தத் தொகை வேண்டும்.

34,000 வாங்கியவன் 30,000-க்குப் போவதா என்ற உறுத்தல் எனக்கும் புரிகிறது. ஆனால் நீங்கள் ஒப்பிட வேண்டியது பழைய 34,000-த்தோடு அல்ல, இந்த 8 மாதத்துச் சம்பளத்தோடு. வேலையில் இருந்துகொண்டே அடுத்த வேலை தேடுபவரிடம் நிறுவனங்கள் பேசும் பேச்சே வேறு. ஒன்றரை ஆண்டு கழித்து, கடன் இல்லாமல், ஆலத்தூரிலேயே ஒரு நிறுவனத்தின் நேரடி ஊழியராக 45,000 கேளுங்கள்.

சேதராப்பட்டு ஆஃபர் லெட்டர் கைக்கு வந்து, சேரும் தேதி உறுதியான பிறகே ஏஜென்சிக்கு மறுப்புச் சொல்லுங்கள். முதல் சம்பளம் வர ஒன்றரை மாதம்கூட ஆகலாம். அதுவரை பெட்ரோலுக்கும் அம்மாவின் மாத்திரைக்குமான பணத்தை நகைக்கடன் கூடுதல் தொகை வாங்கும்போதே கணக்கில் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.