ரெட்டினைடிஸ் பிக்மென்டோசாவுக்குக் கருத்தடை மாத்திரை கொடுக்கலாமா?

தம்பிக்கு ஆர்.பி. (ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா, மரபணுக் கோளாறால் விழித்திரை செல்கள் மெல்ல மெல்லச் சாகும் நோய்) என்று சொல்லிவிட்டார்கள், கருத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோன் விழித்திரையைக் காக்கும் என்று படித்தேன், வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நானும் ஆர்.பி.காரன்தான், இதே யோசனையில் மருந்துக்கடை வரை போனவன்.

நீங்கள் படித்தது புரளி இல்லை. அயர்லாந்தில் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியில் டாம் காட்டரின் குழு, நார்ஜெஸ்ட்ரல் என்ற செயற்கை புரோஜெஸ்டிரோனை விழித்திரை சிதையும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. 2011இலிருந்து கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஒளியை உணரும் செல்கள் சாவது குறைந்தது உண்மை.

ஆர்.பி.யில் பெரும்பாலும் முதலில் சாவது குச்சி செல்கள், இருட்டில் பார்க்க உதவுபவை. சின்ன வயதில் பொழுது சாய்ந்தால் வாசலில் இருக்கும் தண்ணீர்க் குடத்தை எத்தித் தள்ளிவிடுவேன். மாலைக்கண் என்று அம்மா முருங்கைக்கீரையும் ஈரலுமாகப் போட்டுத் தள்ளினார், பாவம். செல் சாகும்போது மைக்ரோக்ளியா என்ற துப்புரவு செல்கள் குப்பை அள்ள வரும். அள்ளுகிற ஜோரில் உயிரோடிருக்கும் செல்லையும் விழுங்கிவிடும். நார்ஜெஸ்ட்ரல் இவற்றை அடக்கி வைக்கிறது. எந்த மரபணு கெட்டிருக்கிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மரபணு மருந்து லக்ஸ்டர்னா, ஆர்பிஇ65 என்ற ஒரே மரபணுவுக்குத்தான். அதனால்தான் நம்மைப் போன்றவர்களுக்கு இந்த ஹார்மோன் மேல் இவ்வளவு ஆசை.

அந்த ஆசையில்தான் மாலா-டி என்ற கருத்தடை மாத்திரை அட்டை ஒன்று வாங்கினேன். கடைக்காரர் எதுவும் கேட்காமல் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். வீட்டில் உருப்பெருக்கியை வைத்துப் படித்தால், 28 மாத்திரையில் 7 வெறும் இரும்புச்சத்து. மீதி 21இல் நார்ஜெஸ்ட்ரலின் ஒரு வடிவமான லெவோநார்ஜெஸ்ட்ரலோடு ஈஸ்ட்ரோஜனும் கலந்திருக்கிறது. எலி தின்றது இது இல்லையே! ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். அது வேறு வம்பு. அட்டையைப் பிரிக்கவே இல்லை.

இன்னொன்று கேளுங்கள். 2014இல் ஓக்லஹோமாவில் வேறொரு குழு, எலிகளில் தைராய்டு ஹார்மோனின் வேலையைக் குறைத்தபோது, வெளிச்சத்தில் நிறம் பார்க்க உதவும் கூம்பு செல்கள் பிழைத்ததைக் காட்டியது. ஒரு ஹார்மோனைக் கூட்டினால் நல்லது, இன்னொன்றைக் குறைத்தால் நல்லது. இதை வைத்து யாராவது தைராய்டைக் குறைக்க மாத்திரை போட்டால் என்னாகும்?

நம்பிக்கை தந்த மருந்தெல்லாம் சோதனையில் பலித்துவிடாது என்பதற்கு வால்ப்ரோயிக் அமிலமே சாட்சி. வலிப்பு மருந்தான அது ஆர்.பி.க்கும் உதவும் என்று நம்பிப் பலர் சாப்பிட்டார்கள். முறையாகச் சோதித்து 2018இல் வெளியிட்ட முடிவில், அதைச் சாப்பிட்டவர்களின் பார்வைப் பரப்பு, மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மோசமாகியிருந்தது.

சரி, தம்பிக்கு என்ன செய்யலாம்? முதலில் மரபணுப் பரிசோதனை. அது தெரியாமல் வைட்டமின் ஏ மாத்திரைகூட வேண்டாம், ஏபிசிஏ4 என்ற மரபணுவின் கோளாறாக இருந்தால் அதுவே கெடுதல். அப்புறம் விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். ஆர்.பி.யில் சிலருக்கு விழித்திரையின் நடுவில் நீர் கோத்துக்கொள்ளும். எனக்கும் இருந்தது. டோர்ஸோலமைடு சொட்டு மருந்து போட்டதில் சில மாதங்களில் நீர் வற்றி, செய்தித்தாளில் நெளிந்துகொண்டிருந்த வரிகள் நேராக நின்றன.