கோழிக்குப் போட்ட சோறு

வணக்கம் அக்கா,

வட்டக்கச்சியில், அம்மா வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். பிள்ளைகள் இரண்டு பேரும் நித்திரை. சோளகக் காற்று தகரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. இன்னும் பதினொரு நாளில் திரும்பிப் போகவேண்டும். அதற்குமுதல் இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு ஏதோ நடந்துவிடும்போல் இருக்கிறது.

2016இல் கலியாணம் செய்து சுவிசுக்குப் போனேன். பேர்ன் நகரத்துக்குக் கிட்ட ஒரு சின்ன ஊர். மகளுக்கு 8 வயது, மகனுக்கு 4. இவர் ஒரு ரெஸ்ரோரன்ட் குசினியில் வேலை செய்கிறார். காலமை ஒன்பதுக்குப் போவார். பின்னேரம் இரண்டு மணிக்குச் சிம்மர்ஸ்ருண்ட என்று அங்கே சொல்லும் வேலை இடைவேளைக்கு வந்து களைப்பில் படுத்துவிடுவார். பிறகு ஐந்துக்குப் போனால் வரப் பதினொன்றரை. அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவார்கள், ஒன்றரைக்குத் திரும்பிப் போவார்கள். அந்த ஒன்றரை மணித்தியாலம்தான் எனக்குப் பயமான நேரம்.

மகன் சாப்பிடமாட்டான். இரண்டு வாய் வாங்கிவிட்டு 'இ மா நும்ம' என்று அவர்களுடைய பேர்ன் டொச்சில், அந்த ஊர் ஜேர்மன் பேச்சில், சொல்லுவான். இனி ஏலாது என்று அர்த்தம். அதைக் கேட்டவுடன் எனக்கு நெஞ்சு அடிக்கும், கை குளிர்ந்துவிடும், காது அடைத்ததுபோல் வரும். கோப்பையில் கிடக்கும் சோற்றை என்னால் பார்க்க ஏலாது. கத்துவேன். மாசியில் ஒருநாள் வாயைப் பிடித்துத் தீத்திவிட்டேன். மேசையிலேயே சத்தி எடுத்தான். அந்த முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மகளைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் குசினிக்குள் போகும் நேரம் பார்த்து அவள் தம்பியின் கோப்பையில் இருப்பதை அள்ளி அள்ளி விழுங்குவாள். வயிற்று நோ என்று அடிக்கடி பள்ளிக்கூடத்தில் இருந்து வந்ததற்குக் காரணம் பிறகுதான் விளங்கியது. கையும் களவுமாகப் பிடித்த அன்று என் தொண்டை கிழியக் கத்தினேன். மேல்வீட்டுக் கிழவி வந்து கதவைத் தட்டினா.

இங்கே வந்து மூன்றாம் நாள், அம்மா சட்டியில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் மீனும் போட்டுக் குழைத்து, பூவரசம் இலையில் பிள்ளைகளுக்கு உருண்டை உருண்டையாகக் கொடுத்தா. மகன் வாசற்படியில் இருந்து நாலு உருண்டை சாப்பிட்டான். ஐந்தாவதை வாங்கிக்கொண்டு "போதும்" என்றான், தமிழில். அம்மா "சரி ராசா, கோழிக்குப் போடுவம் வா" என்று அவன் கையாலேயே அதை முற்றத்தில் போடவைத்தா. கோழிகள் ஓடி வர அவன் துள்ளித் துள்ளிச் சிரித்தான். நான் கிணற்றடிக்குப் போய் அழுதேன். என் பிள்ளை என்னிடம் சாப்பிடாததற்கு அழுதேனா, சோறு மண்ணில் விழுந்ததற்கு அழுதேனா, தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. 2009 சித்திரையில், கடைசிப் போர் நேரம், நாங்கள் முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் வலைஞர்மடத்தில் தறப்பாளுக்குள் இருந்தோம். எனக்குப் 14, தம்பிக்கு 6. கஞ்சி கொடுக்கும் இடத்தில் வரிசையில் நின்று வாங்கிவந்த கஞ்சியை வைத்துவிட்டு அம்மா தண்ணீருக்குப் போனா. உப்பில்லாத கஞ்சி வேண்டாம் என்று தம்பி தள்ளிவிட்டான். நான் அவனுடையதையும் குடித்தேன். அம்மா வந்து கேட்க, "தம்பி குடிச்சிட்டான்" என்றேன். அன்று பின்னேரம் விழுந்த செல்லில் அவன் போய்விட்டான். ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் நினைவாகக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கும்போது அம்மா சொல்லுவா: "என்ர பிள்ளை வயிறு நிறையக் குடிச்சிட்டுத்தான் போனவன்." இவருக்குக்கூட நான் இதைச் சொன்னதில்லை.

அம்மாவிடம் சொல்லவா, அக்கா? என் பிள்ளைகளுடன் நான் எப்படி ஒரு நேரச் சோறு நிம்மதியாகச் சாப்பிடுவது?

இப்படிக்கு,
ஒரு தாய்

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். கடைசியாக எழுதியதைத்தான் நீங்கள் முதலில் எழுத நினைத்திருப்பீர்கள். அதற்கு வருகிறேன். முதலில் மகன். அவனுடைய விஷயம் நீங்கள் பயப்படுவதைவிடச் சின்னது.

ஒரு வயதுக்குப் பிறகு பிள்ளைகள் வளரும் வேகம் குறையும், பசியும் குறையும். நாலு வயதுப் பிள்ளை ஒருநாள் நன்றாகச் சாப்பிடும், மறுநாள் இரண்டு வாயுடன் எழும்பும். ஒரு கிழமையைச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் கணக்குச் சரியாக இருக்கும். என்ன சமைப்பது, எத்தனை மணிக்கு வைப்பது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பதை அவனிடம் விடுங்கள். சின்னக் கோப்பையில் கொஞ்சமாகப் போடுங்கள், கேட்டால் இன்னும் போடலாம். அரை மணித்தியாலத்துடன் கோப்பையை எடுத்துவிடுங்கள். இடையில் பாலும் ஜூசும் கொடுத்தால் மத்தியானம் பசி இராது, அதையும் கவனியுங்கள். வாயைப் பிடித்துத் தீத்தினால் அந்த மேசையே பிள்ளைக்கு வெறுத்துவிடும். பிள்ளை வைத்தியர் நிறையை எழுதும் அட்டையில் அவனுடைய கோடு ஒழுங்காக ஏறினால் போதும். நிறை இறங்கினால், விழுங்கும்போது அடிக்கடி புரைக்கேறினால், அல்லது இரண்டு மூன்று சாப்பாட்டைத் தவிர எதையுமே தொடாவிட்டால் அவரிடம் காட்டவேண்டும்.

அம்மா ஏதும் வித்தை செய்யவில்லை. அவன் போதும் என்றான், அவ சரி என்றா. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவ, சோறு மண்ணில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றா. அது அவவுக்குச் சுகமாகவா இருந்திருக்கும்? ஆனாலும் விட்டா.

நெஞ்சு அடிப்பதும் கை குளிர்வதும் காது அடைப்பதும் கெட்ட தாயின் அடையாளங்கள் இல்லை. போர் முடிந்து சனங்களை அடைத்துவைத்த மெனிக் பாம் முகாமில் நானும் இருந்தவள்தான். பழஞ்சோற்றைக் கொட்ட ஏலாதவர்களையும், வீட்டில் எப்போதும் இரண்டு மூட்டை அரிசி இல்லாவிட்டால் நித்திரை கொள்ளாதவர்களையும் இந்த வன்னியில் நிறையக் கண்டிருக்கிறேன். 'ஏலாது' என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் உடம்பு வலைஞர்மடத்துக்குப் போய்விடுகிறது. உடம்புக்கு வருடம் தெரியாது. அதற்கு நீங்கள்தான் சொல்லவேண்டும். நெஞ்சு அடிக்கத் தொடங்கியவுடன் மேசையை விட்டு எழும்புங்கள். குசினிப் பைப்பைத் திறந்து கையைக் குளிர்தண்ணீரில் பிடியுங்கள். இன்று என்ன கிழமை, எந்த ஊர், யன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் முதலே சொல்லிவையுங்கள்: "அம்மாவுக்குப் படபடப்பு வந்தால் தண்ணியடிக்குப் போவன், உடனே வருவன், உங்களில கோபம் இல்லை."

இனி மகள். தம்பியின் சாப்பாட்டைச் சாப்பிட்ட இரண்டு பெண்பிள்ளைகள் உங்கள் கடிதத்தில் இருக்கிறார்கள். எட்டு வயதுக்காரி தம்பிக்கு ஏச்சு விழக்கூடாது என்று, பசியில்லாத வயிற்றுக்குள் சோற்றைத் தள்ளுகிறாள். அவளைக் கண்டு நீங்கள் கத்தியது அவளைப் பார்த்துத்தானா? பதினாலு வயதுக்காரி பட்டினி கிடந்தவள், தம்பி தள்ளிவிட்ட கஞ்சியைத்தான் குடித்தாள். அந்தக் கஞ்சி அவன் வயிற்றுக்குள் போயிருந்தாலும் அந்தச் செல் அதே இடத்தில்தான் விழுந்திருக்கும். இது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் மனம் கேட்காது என்பதும் எனக்குத் தெரியும். மகளைக் கூப்பிட்டு, "தம்பியின்ர சாப்பாட்டுக்கு நீ பொறுப்பில்லை, அண்டைக்கு அம்மா கத்தினது பிழை" என்று சொல்லுங்கள். இதைப் பேர்னுக்குப் போகும்வரை தள்ளிப்போடாதீர்கள்.

அம்மாவிடம் சொல்வதா? இந்தப் பதினொரு நாளுக்குள் சொல்லவேண்டாம் என்றுதான் நான் நினைக்கிறேன். வயிறு நிறையக் குடித்துவிட்டுப் போனான் என்ற அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு அவ இத்தனை வருடம் நடந்திருக்கிறா. அதை எடுத்துவிட்டு நீங்கள் விமானம் ஏறினால் இரவில் அவவுக்குப் பக்கத்தில் யார் இருப்பது? என்றைக்குமே சொல்லக்கூடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் உங்கள் பாரம் இறங்கவேண்டும். கணவருக்குச் சொல்லுங்கள். அவர் படுத்திருக்கும் அந்த மூன்று மணித்தியாலத்தில் ஒருநாள் அரை மணித்தியாலத்தைக் கேட்டு வாங்குங்கள். மத்தியான மேசையில் நீங்கள் தனியே எதனுடன் போராடுகிறீர்கள் என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

போனவுடன் குடும்ப வைத்தியரிடமும் சொல்லுங்கள். அங்கே 2022 ஜூலையில் இருந்து, வைத்தியர் எழுதித் தந்தால் உளவியல் சிகிச்சையாளரிடம் போகும் செலவை கிரான்கன்காச, அதாவது மருத்துவக் காப்புறுதி நிறுவனம், அடிப்படைக் காப்புறுதியிலேயே ஏற்கிறது. உங்கள் பங்காகக் கட்டவேண்டியதை மட்டும் விசாரித்து வையுங்கள். போரில் அடிபட்டு வந்தவர்களுக்கென்றே சுவிஸ் செஞ்சிலுவைச் சங்கம் பேர்னில் ஒரு சிகிச்சை நிலையம் நடத்துகிறது, அதையும் வைத்தியரிடம் கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் சொல்லுங்கள். டொச் தெரியும் என்பதற்காக மகளைக் கூட்டிப்போய் மொழிபெயர்க்க வைக்கவேண்டாம்.

பதினொரு நாளில் இரண்டு தரமாவது நாங்கள் இருந்து கதைக்கலாம். திங்கட்கிழமை காலமை பத்து மணிக்கு கிளிநொச்சிக்கு வாருங்கள். பிள்ளைகளைக் கூட்டிவரவேண்டாம். அம்மம்மாவுடன் விட்டுவிட்டு வாருங்கள், கோழிகளுக்குத் தீன் போடட்டும்.

அன்புடன்,
அக்கா